சரியான பதில் வரும் வரை

பல்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போனவள் தகப்பனைத் தொலைத்துவிட்டுத் திரும்பினாள். சுருக்கமாகச் சொன்னால் கதை இவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் அந்த மையத்தின் உழைப்புக்கு மரியாதை செய்தது ஆகாது.

அவளுக்கு முப்பத்துநாலு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தாள். அம்மா இறந்து எட்டு வருடமாகிறது. அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நாலு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்ப்பாள். இருவரும் சேர்ந்து சமைப்பார்கள். உப்பு அதிகம், இல்லை குறைவு என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளும்படி வேறு விசேஷம் எதுவும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கம் திடீரென்று வந்தது. காலையில் எழுந்தால் தாடை கழன்று விழுகிற மாதிரி வலி. பல் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்லீங்க. மனசுல ஏதோ இருக்கு" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனசைத் தள்ளிவிட அவருக்கு ஓர் இடம் தெரிந்திருந்தது. அதன் பெயர் நினைவு மீட்பு மையம்.

அங்கே முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுபத்திரண்டு அறிகுறிகள். இருட்டைக் கண்டு பயம். இருட்டில் இருக்க விருப்பம். சாப்பாட்டில் நாட்டமின்மை. சாப்பாட்டில் அதிக நாட்டம். பெற்றோர்மீது பாசமின்மை. பெற்றோர்மீது பாசம். மறதி. நல்ல ஞாபகசக்தி. கடைசி அறிகுறி, படிவங்களை நிரப்ப அலுப்பு. அவள் நேர்மையாக நாற்பத்தொன்றில் டிக் போட்டாள். படிவத்தை வாங்கிப் பார்த்த ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாற்பத்தொண்ணு" என்றார். "உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லையா?"

"என்ன ஞாபகம்ங்க?"

"அதைத்தான் கேட்கறேன். என்ன நடந்ததுன்னே ஞாபகம் இல்ல. இல்லையா?"

"எதுவும் நடக்கலீங்க."

"எதுவும் நடக்கலன்னு ஞாபகம் இருக்கா, இல்ல நடந்தது ஞாபகம் இல்லையா?"

அவள் யோசித்தாள். இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னாலும் வம்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஞாபகம் இல்ல" என்று மரியாதைக்குச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். உயரமான மனிதர், தாழ்ந்த குரல். குரலைத் தாழ்த்தப் பழகியவர்களுக்கு உரிய நம்பிக்கை முகத்தில் இருந்தது.

"நாங்க யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கறதில்ல" என்றார். "கேள்வி மட்டும்தான் கேட்போம். சரியான பதில் வர்ற வரைக்கும் கேட்போம். இந்த மையம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகுது. இங்க வந்தவங்கள்ல நினைவு வராம வெளிய போனது ஒரே ஒருத்தர்தான். அவரும் இறந்துபோயிட்டார். இன்னும் ரெண்டு வாரம் இருந்திருந்தார்னா அவருக்கும் வந்திருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டாதது அறிகுறியாகிவிடுமோ என்று பயம்.

வாரம் இரண்டு அமர்வு. கண்ணை மூடி, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்பார்.

"இப்போ உள்ளே இருக்கற அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?"

"ஆறு... இருக்கலாம்."

"கூட யாரு?"

"யாரும் இல்லீங்க."

"யாரும் இல்லன்னா குரல் ஏன் நடுங்குது?"

"பசிக்குதுங்க. மத்தியானம் சாப்பிடாம வந்துட்டேன்."

'பசி: தப்பித்தல்' என்று அவர் எழுதினார்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒன்றும் வரவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்கள், நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று. நாலாவது வாரம், ஏதாவது சொல்லித் தொலைக்கவேண்டுமே என்று, "ஏதோ வாசம் அடிக்கற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"என்ன வாசம்?"

"கிரீஸ் மாதிரி."

"உங்க வீட்டுல யார் மேல கிரீஸ் வாசம் வரும்?"

"அப்பா மேல. அவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லீங்களா."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் எதுவும் சொல்லல" என்றார். "நீங்கதான் சொன்னீங்க."

அதற்குப் பிறகு நினைவு மளமளவென்று வந்தது. கிரீஸ் வாசம். அடுத்த வாரம் மோட்டார் ஓடும் சத்தம். லிஃப்ட்டுக்கு மேலே இருக்கும் மோட்டார் அறை. வாயைப் பொத்தும் ஒரு கை. அந்தக் கையில் ஒரு மோதிரம். அவள் கண்ணைத் திறந்து, "எங்கப்பா மோதிரமே போடமாட்டாருங்க" என்றாள். ஆலோசகர் சிரித்தார். மையத்தின் விதி எளிமையானது. பொருந்தினால் அது நினைவு. பொருந்தாவிட்டால் அது குறியீடு.

அதற்குமேல் அவள் சொன்னதை இங்கே எழுதவேண்டாம். சொன்னபோது அவள் உடம்பு நடுங்கியது உண்மை. வாந்தி எடுத்ததும் உண்மை. நடக்காத ஒன்று வந்தால் உடம்பு அதை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதில்லை.

சனிக்கிழமை காலைகளில் குழுக் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். நினைவு வந்தவர்களுக்கு மஞ்சள் பேட்ஜ், வராதவர்களுக்கு வெள்ளை. அவளுக்கு மஞ்சள் குத்தியபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரே ஒருத்தி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது வயதுக்குப் பக்கம். இரண்டு வருடமாக வெள்ளை பேட்ஜ்.

அன்று தன் முறை வந்ததும் வேன்காரி சொன்னாள்: "நான் எத்தனை தடவைங்க சொல்றது? எனக்கு ஒன்பது வயசு. எங்க சித்தப்பா. பரீட்சை ரிசல்ட் வந்த அன்னிக்கு. நான் போட்டிருந்த சட்டை நிறம்கூடச் சொல்லுவேன். ஒரு நாள்கூட மறந்ததில்ல. அதை வச்சுக்கிட்டு எப்படி இருக்கறதுன்னு கேட்கத்தான் இங்க வந்தேன்."

"அதுதான் பிரச்சனை" என்றார் ஆலோசகர் கனிவோடு. "மறக்காததை எப்படி மீட்கறது? இது நினைவு மீட்பு மையம். நீங்க மறந்தது வேற ஏதோ இருக்கு. அதை மறைக்கத்தான் இதைத் திரையா வச்சிருக்கீங்க. உங்க அப்பா எப்படி?"

"எங்கப்பாதாங்க அவனை அடிச்சு வீட்டை விட்டே விரட்டினாரு."

"அடிச்சாரா?" ஆலோசகரின் பேனா வேகமாக ஓடியது. "சொல்லுங்க, சொல்லுங்க. அப்பா அடிப்பாரா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் ஆள் வேன்காரியின் கையைப் பிடித்து, "கொஞ்சம் முயற்சி பண்ணுங்கக்கா, கண்டிப்பா வரும்" என்று ஆறுதல் சொன்னாள்.

கடைசிக் கட்டத்தின் பெயர் குடும்ப எதிர்கொள்ளல். அதற்கும் ஓர் அச்சடித்த கடிதம் இருந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'உறவுமுறையை எழுதுக'. அவள் 'அப்பா' என்று எழுதினாள்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. அழைப்புக் கடிதத்தில் 'தங்கள் மகளின் சிகிச்சை தொடர்பாக' என்று இருந்ததால் பல் விஷயம் என்று நினைத்து, அவளுடைய தடுப்பூசி அட்டை, பால்பல் விழுந்த வருடத்தில் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேடி எடுத்து வந்திருந்தார்.

அந்த அச்சடித்த கடிதத்தை அவள் வாசித்தாள். வாசித்து முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நான் அப்படி எதுவும் பண்ணல பாப்பா" என்றார்.

"மறுத்தல்" என்றார் இயக்குநர். ஆலோசகர் தன் கையிலிருந்த படிவத்தில் ஒரு கட்டத்துக்கு டிக் போட்டார்.

"உனக்கு ஆறு வயசுல நான் லிஃப்ட் வேலையிலயே இல்லையேம்மா. ஃபேக்டரியில ஃபேனுக்குக் காயில் சுத்திக்கிட்டு இருந்தேன். லிஃப்ட் கம்பெனியில சேர்ந்தப்போ உனக்குப் பதினொண்ணு. அந்த வருஷம்தானே நீ சைக்கிள்ல இருந்து விழுந்தே?"

இயக்குநர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? தேதி எல்லாம் தயாரா இருக்கு. ஒண்ணும் செய்யாதவனுக்கு எதுக்குத் தேதி ஞாபகம் இருக்கணும்?"

அப்பா பேசுவதை நிறுத்தினார். "மௌனம்" என்றார் இயக்குநர். இன்னொரு டிக். அப்பா கண்ணில் நீர் வந்தது. "அழுகை." இன்னொரு டிக். "கோபம் இன்னும் வரல. அமுக்கி வச்சிருக்கார்."

அப்பா அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். மகள் பொருத்திக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இயந்திரக் கையேட்டைப் படிப்பது போல மேலிருந்து கீழ் வரை படித்தார். அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம்.

"இதுல கையெழுத்துப் போட்டா இவ பல்லைக் கடிக்கறது நிக்குமாங்க?" என்று கேட்டார்.

"குற்றவாளி ஒத்துக்கறதுதான் குணமாகறதோட முதல் படி" என்றார் இயக்குநர்.

"தூங்குவாளா?"

"பெரும்பாலானவங்க தூங்கறாங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். மகளைப் பார்த்துத் தலையசைத்தார், ஏதோ பழுது சரியாகிவிட்டது போல. பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே கைதட்டல் தொடங்கிவிட்டது.

மையத்தின் காலாண்டு மலரில் வெற்றிக் கதை வெளிவந்தது. பெயர்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்று முதல் பக்கத்தில் உறுதிமொழி இருந்தது. அதன்படியே பெயர் போடாமல், 'அறுபத்தாறு வயது ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பணிபுரிகிறார்' என்று மட்டும் போட்டார்கள். மலர் குடியிருப்புக்கும் போனது. அங்கே லிஃப்ட் நின்றுவிட்டால் அவர்தான் போய்ச் சரிபார்த்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் லிஃப்ட்டுக்குள் நுழைந்தால் குழந்தைகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டார்கள். அவர் படிக்கட்டுக்கு மாறிக்கொண்டார். மூன்றாவது மாடி.

மகளோ, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், வேறொரு பல் டாக்டரிடம் ஓடினாள். அந்த அம்மா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கடைவாயின் மூலையில் ஞானப்பல் ஒன்று நேராக முளைக்காமல் சோம்பேறி மாதிரி குறுக்கே படுத்திருந்தது. "இது பக்கத்துப் பல்லை முட்டிக்கிட்டே இருக்கு. நீங்க தூக்கத்துல தாடையை இறுக்கிக் கடிக்கிறீங்க. இத்தனை நாளா யாரும் படம் எடுத்துப் பார்க்கலையா?" என்று கேட்டார்.

பல்லைப் பிடுங்கினார்கள். பத்து நாள் அவள் குழந்தை மாதிரி தூங்கினாள். பதினோராவது நாள் தூக்கம் போயிற்று. இந்த முறை காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் ஞானப்பல்லால் வந்தது என்று ஆலோசகரிடம் போய்ச் சொன்னாள். "பல்லும் ஒரு குறியீடுதாம்மா" என்றார்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்தாள். சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பதுதான் அவள் வேலை. அன்றைக்கு இருந்த மனநிலையில் லென்ஸை மாற்ற மறந்துபோனாள். அதே லென்ஸை எடுத்து அதையே திரும்பப் போட்டுவிட்டு, பழக்கத்தில், "இப்போ தெளிவா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆகா, இது பிரமாதம்!" என்றார் பெரியவர். "முன்னாடி போட்டது ஒரே மங்கல்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெளிவாகத் தெரிந்தது. கேட்டவள் அந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான்.

அன்றே அரை நாள் விடுப்பு எடுத்து லிஃப்ட் கம்பெனிக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா பழைய பணிப்பதிவேட்டைப் புரட்டி, அப்பா சேர்ந்த தேதியைக் காட்டினார். அவளுக்குப் பதினொன்று முடிந்து இரண்டு மாதம். ஆறு வயதில் அவளுக்கு மோட்டார் அறை என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வழியில்லை. பதிவேட்டின் நகலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மையத்துக்கு நடந்தாள். என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மையத்தின் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 'நினைவு' என்பதை அப்படியே விட்டுவிட்டு, 'மீட்பு' என்பதைச் சுரண்டி எடுத்து, 'திருத்த' என்று ஒட்டினார்கள். நினைவுத் திருத்த மையம். உள்ளே அதே நாற்காலிகள், அதே வட்டம், அதே இயக்குநர். வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது.

"மனுஷ ஞாபகத்தை நம்பவே முடியாதுன்னு இப்போ உலகம் முழுக்கச் சொல்றாங்க" என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில். "யார் வேணும்னாலும் யார் மனசுலயும் இல்லாத நினைவை விதைச்சிட முடியும். இதுக்கு எங்களைவிட அதிகமா ஆதாரம் வச்சிருக்கறது யாரு? எங்க அலமாரியில மட்டும் ஆயிரத்து நூறு கோப்பு இருக்கு. அத்தனையும் பொய். பதினோரு வருஷ உழைப்பு!"

கைதட்டினார்கள். புதிய படிவத்தை அவளிடமும் நீட்டினார்கள். அறிகுறிகள் அதே எழுபத்திரண்டு. தலைப்பு மட்டும் 'பொய் நினைவுக்கான அடையாளங்கள்'.

அவள் படிவத்தை வாங்கவில்லை. நகலை இயக்குநர் முன்னால் வைத்தாள். "எங்கப்பா எதுவும் பண்ணல. நீங்களே இப்போ சொல்லிட்டீங்க. அவர் போட்ட கையெழுத்தை ரத்து பண்ணிக் கொடுங்க. மலர்ல எழுதினதும் தப்புன்னு எழுதுங்க."

இயக்குநர் நகலைப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்க நினைவு பொய்தாம்மா. அதை நாங்க திருத்திக் கொடுக்கறோம். ஆனா உங்க அப்பா நினைவு மீட்டுக் கையெழுத்துப் போடலையே. சுயநினைவோட போட்டிருக்கார். ஒருத்தரோட சுயநினைவை நாங்க எப்படி ரத்து பண்றது?"

"நீங்க சொல்லித்தானே போட்டாரு?"

"நாங்க கேள்விதான் கேட்டோம்."

வட்டத்தில் வேன்காரியும் இருந்தாள். அவள் சட்டையில் இன்னும் வெள்ளை பேட்ஜ். ஆலோசகர் அவளுடைய கோப்பைத் திறந்து, "உங்களுக்கு நல்ல செய்தி" என்று தொடங்கினார். "ஒன்பது வயசு, சித்தப்பா. இத்தனை வருஷமா ஒரு விவரம்கூட மாறல. இப்படி மாறாம இருக்கற நினைவுதான் ரொம்பச் சந்தேகத்துக்குரியது. நாலு மாசத்துல எடுத்துடலாம்."

வேன்காரி எழுந்தாள். "போன வருஷம் மறக்கலன்னு ஒதுக்கினீங்க. இந்த வருஷம் ஞாபகம் இருக்குன்னு ஒதுக்கறீங்க. நடந்ததான்னு மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டீங்க. பக்கத்து வீட்டு அம்மா பார்த்தாங்க, அவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. ஒரு நாள் அவங்களைப் போய்க் கேட்டிருப்பீங்களா?"

"வெளி ஆதாரம் எங்க துறை இல்ல" என்றார் ஆலோசகர்.

பேட்ஜைக் கழற்றிக் கோப்பின்மேல் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். நம் ஆளும் பின்னாலேயே வந்தாள். வேனுக்குப் பக்கத்தில் நின்று, "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

"எதுக்கு?" வேன்காரி திரும்பினாள். "உன்மேல எனக்கு ஆத்திரம் இல்லன்னு சொல்லமாட்டேன். நாளைக்கு நான் போலீசுல போய்ச் சொன்னா, 'அந்த மையத்துல இருந்து வந்தவளா நீ'ன்னு சிரிப்பாங்க. உன்னைக் காட்டித்தான் சிரிப்பாங்க. ஏன், என்கிட்டயே 'முயற்சி பண்ணுங்க, கண்டிப்பா வரும்'னு சொன்னவதானே நீ?"

வேன்காரி கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு. உங்கப்பா வீடு எங்க? நான் கொண்டுபோய் விடறேன். என் அப்பா செத்துட்டாரு. அவர் இருந்த வரைக்கும் என்னை நம்பினாரு. உன்னோடவர் இன்னும் இருக்காருல்ல?"

குழந்தைகளுக்கான சின்ன இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்து போனாள். குடியிருப்பு வந்ததும் வேன்காரி, "நான் எதுக்கும் கீழயே இருக்கேன்" என்றாள். மூன்று மாடியையும் அவள் படியிலேயே ஏறினாள்.

மணியை அடித்ததும் அப்பா திறந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நான் சொன்னது எல்லாம்..."

"தெரியும் கண்ணு" என்றார். "எனக்குத் தெரியாதா? உள்ள வா."

அவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தப் போனாள்.

"வேண்டாம்மா. திறந்தே இருக்கட்டும்" என்றார். குரலில் கடுகளவும் கோபம் இல்லை. வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் வந்து உட்காருங்களேன். பொண்ணு வந்திருக்கா" என்று கூப்பிட்டார்.

எதிர்வீட்டு அம்மாள் பாதி தைத்த துணியோடு வந்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். இதற்கு முன்பும் இப்படி வந்து உட்கார்ந்து பழகியவள் போலத் தெரிந்தது. அப்பா மகளுக்குச் சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார். தமக்கு எதிர்ச் சுவர் ஓரமாக ஒன்று. நடுவே அறை முழுவதும் காலியாகக் கிடந்தது.

மகள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அழுத மாதிரி, வாயைப் பொத்திக்கொள்ளத் தெரியாமல் அழுதாள். அப்பா பாதி எழுந்தார். எழுந்தவர் எதிர்வீட்டு அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார். இரண்டு கைகளையும் அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும்படி முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு, "அழாத பாப்பா, அழாத" என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.